பேரப்பிள்ளைகள் காணாத பேரனார்

பேரன் என்பது தமிழிலே தனிச்சிறப்புடைய ஒரு சொல். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். சங்கச் செய்யுட்களிலும் இச்சொல் இப்பொருளில் வருதலைக் கற்றோர் அறிவர். யாழ்ப்பாணத்து வழக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே தந்தையின் தந்தையும் தாயின் தந்தையும் பேரன் எனப்படுவர்; மக்கள் வயிற்று மக்களும் பேரன் எனப்படுவர். பெயரைக் கொடுத்தவனும் பேரன். அதனைப் பெற்றவனும் பேரன். கிழவனையும் குழவியையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோர், குலத்தின் தொடர்ச்சி என்பது யாது என்பதை அச்சொல்லினுள்ளேயே வைத்துச் சென்றனர்.

சில நாட்களின் முன்னர் என் வகுப்பு மாணவரிடம், தத்தம் பேரனாரின் பெயரையும் அவர் வாழ்விலே நிகழ்ந்த ஒரு செய்தியையும் எழுதுமாறு கூறினேன். பெயரை எழுதினோர் பலர். தொழிலை எழுதினோர் சிலர். செய்தி எழுதியோர் இருவரே. அவ்விருவரும் பேத்தியார் சொல்லக் கேட்டதையே எழுதியிருந்தனர். மற்றையோரைக் குறைகூற எனக்கு வாயில்லை. களுபோவிலையில் எங்கள் வீட்டிலும் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. என் பேரனாரின் உறுதிகளும் கடிதங்களும் தலைப்பாகையோடு அவர் எடுப்பித்த ஒரேயொரு படமும் அதனுள் இருந்தன. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் எத்தனையோ வீடுகளுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்தது. அன்று எனக்கு வயது பதின்மூன்று. அதன்பின் என் பேரனார் எனக்கு யாராக இருக்கின்றாரெனின், என் பேத்தியார் மாலை வேளைகளிலே கூறிய ஏழெட்டுக் கதைகளாகவே இருக்கின்றார்.

கதையிலே வாழும் பேரனார் எத்தகையவர்? அவருள் மெய் எவ்வளவு, அன்பினால் கூட்டியது எவ்வளவு? இக்கேள்வி தோன்றும்போதெல்லாம் என் நினைவு ஒரு பெரிய குடும்பத்தின்பால் செல்லும். அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகளை ஈழத்தில் அறியாதார் இலர். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆகியோர் அவர்கள். அவர்களுக்கெல்லாம் பேரனாராகிய ஒருவரை அறிந்தோரோ சிலரே. அவர் 1836 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7 ஆம் திகதி காலமானார். அவருடைய புகழ்பெற்ற பேரப்பிள்ளைகளுள் ஒருவர்தானும் அன்று பிறந்திருக்கவில்லை. வாசல் முதலியார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி என்னும் அப்பெரியாரைப் பற்றியதே இக்கட்டுரை.

கெருடாவிலிலிருந்து கொழும்புக்கு

வடமராட்சியிலே, பருத்தித்துறைப் பகுதியைச் சேர்ந்த கெருடாவில் என்னும் ஊரே இவர்தம் ஊர். பிறந்த ஆண்டு 1783. கெருடாவில், கொக்குவில், இணுவில் என வரும் ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள வில் என்பது நீர்நிலையைக் குறிப்பது என்பர். சிங்களத்திலும் வில என்பது குளமே. யான் வாழும் களுபோவிலையின் ஈற்றிலும் அச்சொல்லே உளது. இருமொழியாரும் தமதெனக் கொள்ளும் ஒரு சொல்லை ஊர்ப்பெயரிலே உடைய மண்ணிற் பிறந்த ஒருவர், பின்னர் மொழிகளுக்கு இடையில் நின்று வாழ்ந்தார் என்பதை எண்ண ஒருவகை வியப்புத் தோன்றுகின்றது.

அவர் பிறந்தபோது யாழ்ப்பாணத்தை ஆண்டோர் ஒல்லாந்தர். அவருக்குப் பன்னிரண்டு வயதாகியபோது, 1795 ஆம் ஆண்டிலே, ஆங்கிலேயப் படை யாழ்ப்பாணக் கோட்டையைக் கைக்கொண்டது. மறு ஆண்டு மாசி மாதத்திலே கொழும்பும் வீழ்ந்தது. கோட்டையிற் கொடி மாறியது. கச்சேரியில் மொழி மாறியது. ஒல்லாந்த மொழி கற்றுப் பதவி வகித்தோர் ஒரே நாளில் ஊமையராயினர். கரையோர மாகாணங்களை முதலில் நிருவகித்தது சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனி. அது தன் அதிகாரிகளையும் துவிபாஷிகளையும் அங்கிருந்தே கொணர்ந்தது. நாட்டு வழக்கம் அறியாத அவர்கள் தென்னை மரத்துக்கும் வரி விதித்தனர். 1797 ஆம் ஆண்டிலே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மொழி தெரிந்திருந்தும் மண்ணைத் தெரியாதவர் மொழிபெயர்த்தால் என்ன விளையும் என்பதை ஆங்கிலேயர் அப்பொழுது கற்றுக்கொண்டனர்.

1798 இல் நோர்த் என்பார் தேசாதிபதியாக வந்தார். 1802 இல் இலங்கையின் கரையோரம் பிரித்தானிய முடிக்குரிய நாடாயிற்று. நோர்த் கொழும்பிலே ஒரு கல்விக்கூடத்தை நிறுவி, இந்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்று அரசாங்கப் பணிபுரிய வழிசெய்தார். வடக்கேயிருந்து கொழும்புக்கு வந்து அவ்வாறு ஆங்கிலங் கற்ற இளைஞருள் குமாரசுவாமியும் ஒருவர். இற்றைநாளிலே இரவு புறப்படும் வண்டி விடியுமுன் வெள்ளவத்தையில் நம்மை இறக்கிவிடுகின்றது. அன்றோ, பருத்தித்துறையிலிருந்து கொழும்பு செல்வதெனின் பாய்க்கப்பலேறிக் காற்றைப் பார்த்திருத்தல் வேண்டும்; அல்லது காட்டுவழியே நாட்கணக்கிற் செல்லுதல் வேண்டும். பிள்ளையை அனுப்பும் தாய் அவன் திரும்பும் நாளைக் கணக்கிட்டிருக்க இயலாது.

இருபது வயதுகளிலேயே அவர் அரசாங்க மொழிபெயர்ப்பாளராயினார். பின்னர்த் தேசாதிபதியின் வாசலுக்குரிய தமிழ் மொழிபெயர்ப்பு முதலியாராக உயர்ந்தார். வாசல் முதலியார் என்பது வெறும் பட்டமன்று. மக்களுடைய முறையீடு தேசாதிபதியின் செவியை அடைவதும், தேசாதிபதியின் கட்டளை மக்களுடைய செவியை அடைவதும் அவ்வாசலின் வழியேயாம். வாசலிலே நிற்பவர் உள்ளிருப்பவரும் அல்லர், வெளியிலிருப்பவரும் அல்லர். இருவருடைய ஐயமும் அவரையே சாரும்.

மொழிபெயர்ப்பாளர் நின்ற இடம்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர் படும் பாட்டைத் தமிழாசிரியராகிய நாம் ஓரளவு உணரலாம். ஆங்கிலத்தில் வினை முன்னே வரும். தமிழில் வினை ஈற்றிலே வரும். செய்வேன் என்கின்றாரா, செய்யேன் என்கின்றாரா என்பதைத் தமிழிலே வாக்கியம் முடியும்வரை அறியவியலாது. ஆதலின் மொழிபெயர்ப்பவர் பேசுவோரின் இறுதிச்சொல் வரும்வரை வாய்திறவாது நிற்றல் வேண்டும். அதனினும் அரியது மரியாதை. ஆங்கிலத்திலே முன்னிலைக்கு வழங்குஞ் சொல் ஒன்றே. தமிழிலோ நீ என்பதும், நீர் என்பதும், நீங்கள் என்பதும், தாங்கள் என்பதும் வெவ்வேறு உலகங்கள். தேசாதிபதி கூறிய ஒரு சொல்லை இவற்றுள் எதனாற் பெயர்ப்பது? அதனைத் தெரிவு செய்பவர் தேசாதிபதி அல்லர், மொழிபெயர்ப்பாளரே. அவ்வொரு சொல்லினாலே ஒருவனை அரசனாக நிறுத்தவும் கைதியாக ஆக்கவும் அவரால் முடியும்.

இஃது வெறுங் கற்பனையன்று. 1815 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 18 ஆம் திகதி, கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரமராசசிங்கன் மெதமகாநுவரப் பகுதியிலே பிடிபட்டான். அவன் நாயக்கர் மரபினன்; கண்ணுச்சாமி என்பது இளமைப்பெயர். அவன் அவையிலே தமிழும் வழங்கிற்று. மார்ச்சு 2 ஆம் திகதி கண்டி அரண்மனை மண்டபத்திலே பிரதானிகள் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். சிறைப்பட்ட மன்னன் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, 1816 சனவரியில் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையிலே வைக்கப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அம்மன்னனுக்கும் ஆங்கிலேயருக்குமிடையே தமிழில் நடந்த பேச்சுக்களிலே மொழிபெயர்ப்பாளராக நின்றவர் குமாரசுவாமி முதலியார் என்று வழிவழியாகக் கூறுவர்.

முடியிழந்த மன்னனின் முன்னிலையில் நின்று அவர் எச்சொல்லை வழங்கினார்? தாங்கள் என்றாரா, நீர் என்றாரா? மன்னன் கூறியதன் வெம்மையைத் தணித்து ஆங்கிலத்திற் கூறினாரா, உள்ளவாறே கூறினாரா? ஆவணங்கள் முடிவைப் பதியும். முடிவை நோக்கி நடந்த பேச்சின் தொனியைப் பதியா. ஒரு குடும்பம் தன் பேரனாரைப் பற்றி அறிய விரும்புவது அத்தொனியைத்தான். அதுவே கைக்கு எட்டாதது.

பதக்கம்

கண்டி ஒப்பந்தத்தின் மை உலர்ந்து மூன்றாண்டு செல்லுமுன் ஊவாவிலும் வெல்லசையிலும் மக்கள் கிளர்ந்தனர். 1817 இலும் 1818 இலும் நடந்த அக்கிளர்ச்சியை ஆங்கிலேயர் கொடுமையாக அடக்கினர். ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாயின, மரங்களும் மாடுகளும் அழிக்கப்பட்டன. கெப்பெற்றிப்பொல என்னும் தலைவர் 1818 நவம்பரிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டார். கிளர்ச்சிக்காரரிடம் சென்றிருந்த புனித தந்ததாதுவும் அவ்வாண்டிலே மீண்டும் ஆங்கிலேயர் கையை அடைந்தது. மறு ஆண்டாகிய 1819 இலே, தேசாதிபதி பிரவுண்றிக், குமாரசுவாமி முதலியாரின் சேவையைப் பாராட்டிப் பொற்பதக்கம் அளித்தார்.

இவ்விடத்திலேதான் குடும்பக் கதையை நாம் நின்று கேட்டல் வேண்டும். எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பதக்கம் காட்டப்படும். அது எவ்வாண்டிலே, எதன் பின்னர்க் கிடைத்தது என்பது காட்டப்படுவதில்லை. இது வஞ்சனையன்று, அன்பின் இயல்பு. பேரனார் பொன் பெற்றார் என்று சொல்லும் தாய், அப்பொன்னின் மறுபுறத்தே எரிந்த ஊர்களைச் சொல்ல மாட்டாள். அவளுக்கே அது தெரிந்திராது. ஆயினும் சரித்திரம் கற்பிப்போர் இரண்டையுஞ் சொல்லுதல் கடன். குமாரசுவாமி முதலியார் அந்நியர்க்குப் பணிபுரிந்தவர். அதிலே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் வாளேந்தியவர் அல்லர், நாவினாற் பணிசெய்தவர். அன்று அந்நாவுக்கு உரிமையாளர் வேறொருவராக இருந்தார். இதுவே அவர் வாழ்வின் பெருமையும் துயரமுமாம்.

ஓராண்டுக் குரல்

அவர் வாழ்வின் இறுதியிலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கோல்புறூக், கமறன் என்போரின் விதப்புரைகளின்படி 1833 இலே இலங்கையிற் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. உத்தியோகப் பற்றுள்ளோர் ஒன்பதின்மர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். சிங்களர், தமிழர், பறங்கியர் என்போர்க்கு ஒவ்வோர் இடமே. 1835 இலே தேசாதிபதி வில்மட் ஹோட்டன் தமிழருக்குரிய இடத்துக்குக் குமாரசுவாமி முதலியாரை நியமித்தார். வடக்கு, கிழக்கு, மேற்கு எங்கணும் வாழ்ந்த தமிழர்க்கு மட்டுமன்றி முஸ்லிம் மக்களுக்கும் அன்று அவ்வோர் இடமே இருந்தது. முஸ்லிம்களுக்கும் கண்டியச் சிங்களருக்கும் தனியிடம் கிடைத்தது 1889 இலேதான்.

சபை நடவடிக்கை முழுவதும் ஆங்கிலத்திலே நடந்தது. ஆதலின் ஆங்கிலமறிந்த முதலியார் ஒருவரே அங்கே இருத்தல் கூடும். மக்கள் தெரிந்தனுப்பிய பிரதிநிதியல்லர். தேசாதிபதி தெரிந்த பிரதிநிதி. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முப்பதாண்டுகளாகப் பிறர் கூறியதைத் தம் நாவினாற் கூறிவந்த ஒருவர், தாம் கருதியதைத் தம் நாவினாற் கூறுமாறு முதன்முதல் அழைக்கப்பட்டார். அவ்வாசனத்தில் அவர் இருந்தது சிறிது காலமேயாம். 1836 நவம்பரிலே, ஐம்பத்து மூன்றாம் வயதிலே, அக்குரல் ஓய்ந்தது.

அவர் விட்டுச்சென்ற மகன் முத்துக்குமாரசுவாமிக்கு அன்று வயது மூன்று அளவே. மகள் செல்லாச்சி என்பார். இவரைப் பின்னர் மணந்தவர் மானிப்பாய் வழிவந்த பொன்னம்பல முதலியார். முதலியாரின் வாழ்வு இங்கே முடிந்தது. அவர் கதை இங்கே தொடங்கிற்று.

கதை வந்த வழி

செல்லாச்சி அம்மையார்க்கும் பொன்னம்பல முதலியார்க்கும் மூன்று ஆண்மக்கள். மூத்தவர் 1849 இலும், இராமநாதன் 1851 இலும், அருணாசலம் 1853 இலும் பிறந்தனர். மூத்தவருக்கு இட்ட பெயர் யாது? குமாரசுவாமி. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த பேரனாரின் பெயர் தொட்டிலிலே மீண்டும் அழைக்கப்பட்டது. தாயின் தந்தை பெயரைத் தலைமகனுக்கு இடுவதற்குத் தாயின் விருப்பமும் தந்தையின் இசைவும் வேண்டும். அவ்வீட்டிலே முதலியாரின் நினைவு எத்துணை உயிரோடு இருந்தது என்பதற்கு இதனின் மேம்பட்ட சான்று எதற்கு?

அப்பிள்ளைகள் பேரனாரை எவர் வாயிலாக அறிந்திருப்பர்? பேரனார் இறக்கும்போது மாமனாராகிய முத்துக்குமாரசுவாமியே மடிக்குழந்தை. அவருக்கும் தந்தை ஒரு கதையே. ஆகவே கதை வந்த வழி வீட்டுப் பெண்மக்கள் வழியேயாதல் வேண்டும். நம் நாட்டுக் குடும்பங்களின் சரித்திர ஆசிரியர் பேத்தியாரும் தாயாருமே. அவர்கள் பெயர் எந்த நூலின் முகப்பிலும் அச்சிடப்படுவதில்லை. செல்லாச்சி அம்மையாரின் பெயரையும் நாம் மக்களின் சரித்திரத்திலே ஒரு வரியாகத்தான் காண்கின்றோம். அவ்வொரு வரியின் வழியாகத்தான் பேரனார் பேரப்பிள்ளைகளை வந்தடைந்தார்.

கொச்சிக்கடைப் பக்கஞ் செல்வோர் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் காண்பர். பொன்னம்பல முதலியார் 1850 களிலே எடுப்பித்த அக்கோயிலை, இராமநாதன் 1907 ஆம் ஆண்டு தொடங்கிக் கருங்கல்லாற் புதுக்கினார். யான் களுபோவிலையிலிருந்து பேருந்திலே காலி வீதி வழியாகப் புறக்கோட்டை சென்று, செட்டியார் தெருவைக் கடந்து அங்கே போவதுண்டு. கொட்டாஞ்சேனையின் இரைச்சலெல்லாம் அக்கல்மண்டபத்தின் வாயிலிலே நின்றுவிடும். தந்தை செங்கல்லாற் செய்ததை மகன் கல்லாற் செய்தான் என்பதைக் கண்ணாற் காணலாம். பேரனார் சொல்லாற் செய்ததைப் பேரப்பிள்ளைகள் எதனாற் செய்தனர் என்பதே நாம் இனிக் காண வேண்டியது.

நாவின் உரிமை மாறிய வரலாறு

மகன் முத்துக்குமாரசுவாமியும் மொழிபெயர்ப்பாளரே. ஆனால் தந்தை பெயர்த்தது கட்டளைகளை. மகன் பெயர்த்தது காவியங்களை. கொழும்பு அக்கடமியிலே கற்று, இங்கிலாந்து சென்று நியாயவாதியாகி, 1863 இலே அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி இலண்டனில் வெளியிட்டார். பொய்யுரையேன் என்று நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த மன்னனின் கதையை அவர் தெரிந்தெடுத்தார். 1874 இலே பாளி மொழியிலிருந்து சுத்தநிபாதத்தையும் தாதாவமிசத்தையும் ஆங்கிலப்படுத்தினார். தாதாவமிசம் தந்ததாதுவின் வரலாறு கூறும் நூல். தந்தை பதக்கம் பெற்றதற்கு முந்திய ஆண்டிலே அந்நியர் கைப்பட்ட அத்தாதுவின் வரலாற்றை, சைவராகிய மகன் உலகறியச் செய்தார். அவர் எண்ணித்தான் செய்தாரா என்று கேட்க வேண்டியதில்லை. செய்தார் என்பதே போதும்.

பேரனார் ஓராண்டு இருந்த ஆசனத்திலே இவர் 1860 களின் தொடக்கம் முதல் 1879 வரை இருந்தார். இவர்க்குப்பின் இராமநாதன், அவர்க்குப்பின் 1893 முதல் 1898 வரை பேரனார் பெயரைத் தாங்கிய மூத்தவர் குமாரசுவாமி. தமிழர் ஆசனம் ஒரு குடும்பத்தின் முதுசொம் போலாயிற்று என்று அக்காலத்தே முணுமுணுத்தோர் உளர். அம்முணுமுணுப்பிலே நியாயமும் உண்டு. பிற்காலத்திலே டொனமூர்க் குழுவினர் எல்லோர்க்கும் வாக்குரிமை என்றபோது இராமநாதன் அதனை எதிர்த்தார் என்பதையும் மறைத்தல் முறையன்று. வாசலிலே நின்ற குடும்பத்தார்க்கு வாசலை அகலத் திறப்பது எளிதாயிருக்கவில்லை.

ஆயினும் 1915 ஐ நோக்குக. கண்டி ஒப்பந்தம் நிகழ்ந்து சரியாக நூறாண்டு. சிங்களருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணை முறைப்படி இன்றியே பலர் உயிரிழந்தனர். சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். இராமநாதன் சபையிலே எழுந்து அவர்கள் பொருட்டு முழங்கினார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்துக்குஞ் சென்று முறையிட்டார். அவர் மீண்டு வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற செய்தி பாடநூல்களில் உளது. கலகத்தாற் கடையும் உயிரும் இழந்த முஸ்லிம் மக்களின் உள்ளம் அம்முழக்கத்தால் நொந்தது என்பதும் பாடநூல்களில் வரவேண்டிய செய்தியே. எவ்வாறெனினும், 1815 இலே தேசாதிபதியின் சொல்லைப் பிறர்க்குக் கூறிய பேரனாரின் பேரன், 1915 இலே தேசாதிபதியின் செயலைத் தேசாதிபதியின் சபையிலேயே கடிந்து கூறினார்.

அருணாசலம் கேம்பிறிட்ஜிலே கற்று, 1875 இலே திறந்த போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர். தமிழ்ப் பக்திப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். அவ்வகையிலே குலத்தொழிலை விட்டவரல்லர். அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரே அவருடைய பெரும்பணி தொடங்கிற்று. 1919 ஆம் ஆண்டு டிசெம்பரிலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் அருணாசலமே. கண்டியர், கரையோரத்தார், தமிழர் எல்லோரும் ஒரே குரலிற் பேசுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பேரனார் பதக்கம் பெற்ற 1819 க்கும் இதற்கும் இடையே நூறாண்டு. அக்கனவு ஈராண்டில் உடைந்ததும், மனமுடைந்து அவர் விலகியதும், 1924 சனவரி 9 ஆம் திகதி யாத்திரை சென்றவிடத்து மதுரையிலே மறைந்ததும் வேறு கதை. அதன் பயனை நாமும் நம் பிள்ளைகளும் அனுபவித்தோம். என் வீட்டு றங்குப்பெட்டியும் அதனுள் அடங்கும்.

கடைசிப் பேரப்பிள்ளை

பேரப்பிள்ளைகளுள் பேரனாரை அறிய வாய்ப்பே இல்லாதிருந்தவர் ஆனந்தர். முத்துக்குமாரசுவாமி ஆங்கிலப் பெண்மணி எலிசபெத் கிளே பீபியை மணந்து பெற்ற ஒரே மகன். 1877 ஓகத்து 22 ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயுடன் இங்கிலாந்து சென்றார். பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தை, 1879 மே 4 ஆம் திகதி, கப்பலேறவிருந்த வேளையிலே காலமானார். தந்தை முத்துக்குமாரசுவாமி தம் தந்தையை இழந்ததும் மழலைப் பருவத்திலேயே. மகன் ஆனந்தர் இழந்ததும் அப்பருவத்திலேயே. மகனுக்குத் தமிழ் பேசும் பேத்தியார் மடியும் இல்லை. அவர்க்கு எஞ்சியது பெயர் ஒன்றே.

அப்பெயரை அவர் விட்டாரல்லர். நிலவியல் கற்று, 1903 இலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இந்நாட்டுக்கு மீண்டார். பாறைகளைத் தேடிக் கண்டிநாட்டு ஊர்களிலே அலைந்தவர், அங்கே பாறைகளினும் அரிய ஒன்றைக் கண்டார். தச்சரும், தட்டாரும், நெசவாளரும், சித்திரகாரரும் வறுமையில் மறந்துகொண்டிருந்த தொழில்களைக் கண்டார். அரசன் போனபின் ஆதரிப்பாரின்றி அத்தொழில்கள் அழிந்துவருவதைக் கண்டு, 1908 இலே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வெளியிட்டார். கண்டியரசு வீழ்ந்தபோது அருகே நின்றவர் பேரனார் என்பர். வீழ்ந்ததினுள் எஞ்சியதைப் பொறுக்கியெடுத்து உலகுக்குக் காட்டியவர் பேரன். பின்னர் அமெரிக்காவின் பொஸ்தன் நகர நூதனசாலையிலே 1917 முதல் முப்பதாண்டு இருந்து, கீழைநாட்டுச் சிற்பமும் தத்துவமும் எதனைக் கூறுகின்றன என்பதை மேலைநாட்டார்க்கு மொழிபெயர்த்தார். 1947 செத்தெம்பர் 9 ஆம் திகதி அங்கேயே மறைந்தார். கெருடாவிலிற் பிறந்த ஒரு பிள்ளைக்கு 1783 இல் இட்ட பெயர், பனையும் உப்புக்காற்றும் அறியாத ஒரு நாட்டிலே நூல்களின் முகப்பில் இன்றும் இருக்கின்றது.

பெயரும் கடனும்

பேரனாரிடமிருந்து பேரப்பிள்ளைகள் பெற்றது பொற்பதக்கம் அன்று. இரு மொழிகளுக்கிடையே நின்று பேசும் திறனே அவர்கள் பெற்ற முதுசொம். பேரனார் அதனை ஆள்வோர் பொருட்டுச் செலவிட்டார். மகனும் பேரப்பிள்ளைகளும் அதே திறனை ஆளப்படுவோர் பொருட்டும், மறக்கப்பட்டோர் பொருட்டும் செலவிட்டனர். பேரனாரை அவர்கள் பழித்தாரல்லர், பெயரைத் தாங்கினர். அவரை அப்படியே பின்பற்றினாரும் அல்லர்; அவர் நின்ற வாசலில் மறுபுறம் திரும்பி நின்றனர். குலத்தின் கடனை அடைப்பதற்கு இதனினும் சிறந்த வழி யான் அறியேன்.

எல்லா வீட்டிலும் இராமநாதரும் அருணாசலரும் ஆனந்தரும் பிறப்பதில்லை. எல்லாப் பேரனாரும் வாசல் முதலியார் அல்லர். ஆனால் ஒவ்வொரு பேரனாரும் ஏதோ ஒன்றைச் செய்தும், ஏதோ ஒன்றைச் செய்யாது விட்டும் சென்றவரே. பேத்தியார் சொல்லும் கதையிலே செய்தது இருக்கும். செய்யாது விட்டது சொல்லின் இடைவெளியிலே இருக்கும். இரண்டையுங் கேட்கக் கற்றவனே பெயரன் என்னும் பெயருக்கு உரியவன்.

அடுத்த கிழமை என் மாணவரிடம் அதே பயிற்சியை மீண்டும் கொடுக்கவிருக்கின்றேன். இம்முறை வகுப்பிலே எழுதவேண்டியதில்லை. வீட்டுக்குச் சென்று பேத்தியாரிடம் கேட்டு எழுதிவருக என்று சொல்லப்போகின்றேன். பேத்தியார் இல்லாதோர் அயல்வீட்டுப் பேத்தியாரைக் கேட்கட்டும். யானும் அவர்களோடு அமர்ந்து, எரிந்துபோன பெட்டியினுள் இருந்த ஏழெட்டுக் கதைகளையும் ஒரு கொப்பியிலே எழுதத் தொடங்குவேன்.